யுங்கின் ஏரிக்கரைகள்: சுவிட்சர்லாந்துப் பயணக் குறிப்புகள்

புதன், கெஸ்வில்

ரொமான்ஸ்ஹார்னிலிருந்து கொன்ஸ்டான்ஸ் ஏரியை ஒட்டி மேற்கே செல்லும் ரயிலில், ஆப்பிள் தோப்புகளுக்கு நடுவே சில நிமிடங்கள் பயணித்தால் கெஸ்வில் வந்துவிடுகிறது. மரச்சட்டங்கள் வெளியே தெரியும் பழைய வீடுகளும் ஒரு தேவாலயமும் கொண்ட இந்தச் சிற்றூரின் பாதிரியார் இல்லத்தில்தான் 1875 ஜூலை 26 அன்று உளவியல் அறிஞர் கார்ல் குஸ்தாவ் யுங் பிறந்தார். தந்தை பவுல் யுங் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோதே குடும்பம் வேறு ஊருக்கு மாறிவிட்டதால், இங்கே யுங்கைத் தேடுவதற்கு அதிகம் இல்லை. ஆனால் இந்த ஏரி அவரை விடவில்லை. சிறு வயதில் தாயுடன் மீண்டும் இதன் கரைக்கு வந்தபோது, கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்த நீரைப் பார்த்து, நீர் இல்லாமல் எவராலும் வாழ முடியாது என்றும், தான் வளர்ந்தபின் ஏரிக்கரையில்தான் வாழ வேண்டும் என்றும் அந்தச் சிறுவன் முடிவுசெய்துகொண்டான். பின்னாளில் அவர் கட்டிய இரண்டு வீடுகளும் ஏரிக்கரையில் இருப்பதால், என் பயணத்தையும் அதே வழியில் அமைத்துக்கொண்டேன்.

மனநல மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்தவன் நான். யுங்கின் பெயரைச் சொன்னால் நம்மிடையே பலருக்கும் கூட்டு நனவிலியும் (மனிதர் அனைவருக்கும் பொதுவான, நாம் அறியாத மன ஆழம்), ஆழ்படிமங்களும் (அந்த ஆழத்தில் உறையும் பொது உருவங்கள்), வட்ட வடிவ மண்டலச் சித்திரங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அவர் முதன்மையாக ஒரு நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்த இளம் மருத்துவர். அந்த மருத்துவரைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

பிற்பகலில் ரைன் அருவிக்கு மேலே இருக்கும் லௌஃபனுக்குச் சென்றேன். சுமார் 150 மீட்டர் அகலமும் 23 மீட்டர் உயரமும் கொண்ட அந்த அருவியின் இரைச்சல் ஊர் முழுவதும் கேட்கிறது. நான்கு வயது வரை யுங் இந்த இரைச்சலுக்குள்தான் வளர்ந்தார். ஆற்றில் அடித்துவரப்பட்ட உடல்கள், கல்லறைத் தோட்டத்தில் தோண்டிய குழிகள், கறுப்பு அங்கி அணிந்து சவப்பெட்டியைச் சூழ்ந்து நிற்கும் மனிதர்கள், இறந்தவரை இயேசு தம்மிடம் எடுத்துக்கொண்டார் என்ற விளக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்து, இயேசு என்ற பெயரையே அச்சத்துக்குரியதாக அந்தக் குழந்தைக்கு ஆக்கிவிட்டன. போதகரின் பிள்ளைக்கு இது எத்தகைய தனிமையைத் தந்திருக்கும் என்று அருவியின் பக்கத்தில் நின்று நினைத்துப் பார்த்தேன்.

வியாழன், பாசல்

1879-இல் குடும்பம் குடியேறிய கிளைன்ஹூனிங்கன் அன்று பாசலை ஒட்டிய மீனவக் கிராமம். இன்று அது துறைமுகப் பகுதி. எட்டாம் எண் டிராம் அங்கே கொண்டுபோய் விடுகிறது. பாரந்தூக்கிகளுக்கும் கொள்கலன்களுக்கும் இடையில் பழைய கிராமத்தின் சுவடுகள் சில இன்னும் இருக்கின்றன. பத்து வயது யுங் தன் அளவுகோலின் நுனியை, நீண்ட அங்கியும் உயரமான தொப்பியும் கறுப்புக் காலணியும் அணிந்த ஒரு குட்டி மனிதனாகச் செதுக்கி, அதற்குக் கம்பளித் துணியில் ஒரு மேலாடை தைத்து, ரைன் ஆற்றிலிருந்து எடுத்து வண்ணம் தீட்டிய ஒரு கல்லோடு பென்சில் பெட்டிக்குள் படுக்கவைத்து, எவரும் ஏறக்கூடாத பரண்மேல் ஒளித்துவைத்தது இங்கேதான். வீட்டில் மனம் வாடும்போதெல்லாம் மேலே அப்படி ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணமே அவனுக்குப் போதுமான ஆறுதலாக இருந்தது.

அங்கிருந்து நகரின் பெரிய தேவாலயத்துக்கு வந்தேன். செந்நிற மணற்கல்லில் எழுந்து நிற்கும் கட்டடம். கூரையில் வண்ண ஓடுகள். இந்தச் சதுக்கத்தில் யுங்கின் பன்னிரண்டாம் வயதில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. பள்ளித்தோழன் ஒருவன் தள்ளிவிட, தலை கல்லில் மோதி விழுந்தபோது, இனிப் பள்ளிக்குப் போகவேண்டாம் என்ற எண்ணம் அவனுக்குள் மின்னலாக ஓடியது. அதன்பின் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் மயக்கம் வந்தது. அரை ஆண்டுக்கும் மேலாகப் பள்ளி நின்றுபோனது. வலிப்பு நோயோ என்றுகூட மருத்துவர் ஒருவர் ஐயுற்றார். ஒருநாள், கையில் இருந்த பணமெல்லாம் போய்விட்டது, இந்தப் பையன் சம்பாதிக்க முடியாமல் போனால் என்ன ஆவானோ என்று தந்தை ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் புதருக்குப் பின்னால் மறைந்திருந்து கேட்டவன், நேராகப் படிப்பறைக்குப் போய் லத்தீன் இலக்கணத்தை எடுத்தான். அன்று மூன்று முறை மயக்கம் வந்தும் புத்தகத்தை விடவில்லை. சில வாரங்களில் பள்ளிக்குத் திரும்பினான். நரம்புப்பிணி என்றால் என்னவென்று தான் கற்றது அப்போதுதான் என்று முதுமையில் தன் செயலாளர் அனியேலா யாஃபேயிடம் சொன்ன நினைவுகளில் யுங் குறிப்பிடுகிறார்.

இரண்டாவது நிகழ்ச்சி மனத்துக்குள் நடந்தது. வெயிலில் மின்னும் இந்தக் கூரையைப் பார்த்து மகிழ்ந்தவனுக்குள், நினைக்கவே கூடாத ஏதோ ஒன்று மேலெழுந்து வந்தது. பல இரவுகள் உறங்காமல் அதைத் தடுத்துப் போராடிவிட்டு, இறுதியில் வருவது வரட்டும் என்று விட்டுக்கொடுத்தபோது அவன் கண்டது இது: வானத்தில் பொன் அரியணையில் கடவுள் அமர்ந்திருக்கிறார், அரியணைக்கு அடியிலிருந்து மாபெரும் மலத்திரள் விழுந்து தேவாலயத்தின் புதிய கூரையை நொறுக்குகிறது. எதிர்பார்த்த சாபத்துக்குப் பதிலாக, சொல்லொணா அருள் தன்மேல் இறங்கியதாக அவன் உணர்ந்தான். இதைத் தந்தையிடம் அவனால் சொல்ல முடியவில்லை. திருமுழுக்கை உறுதிப்படுத்தும் வகுப்பில், மூவொரு கடவுள் பற்றிய பாடத்துக்காக மகன் ஆவலோடு காத்திருந்தபோது, இதை விட்டுவிடுவோம், எனக்கே இதில் ஒன்றும் புரியவில்லை என்று அந்த நேர்மையான மனிதர் சொல்லிவிட்டார். 1896-இல், மகன் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் இறந்தார்.

எண்பது வயதைக் கடந்த ஒருவர் சொன்ன இளமை நினைவுகளை அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது என்று ஆய்வாளர்கள் எச்சரிப்பது நியாயமே. ஆயினும், தன் மனத்தில் எழுந்ததைத் தன் செயலாகக் கருதாமல், தனக்கு நேர்ந்த ஒன்றாகக் கவனித்த ஒரு சிறுவன் இந்தச் சதுக்கத்தில் நின்றான் என்பதை நான் நம்புகிறேன். அந்தக் கவனிப்பே பின்னர் மருத்துவமனையில் அவருக்குத் துணைநின்றது.

வெள்ளி, புர்க்ஹோல்ஸ்லி

சூரிச் நகரின் தென்கிழக்கில், டிராமிலிருந்து பல்கிரிஸ்டில் இறங்கிச் சற்று நடந்தால், குன்றின் அடிவாரத்தில் 1870-இல் திறக்கப்பட்ட புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனை நிற்கிறது. இன்றும் அது பல்கலைக்கழக மனநல மருத்துவமனையாகவே இயங்குகிறது. சிகிச்சை நடக்கும் இடத்தைச் சுற்றுலாத் தலமாக எண்ணி நுழைவது முறையன்று என்பதால் வெளிப்பாதையிலேயே நடந்தேன். தோட்டத்து இருக்கையில் ஒரு முதியவர் தனக்குத்தானே மெல்லப் பேசிக்கொண்டிருக்க, அவருக்குப் பக்கத்தில் செவிலியர் ஒருவர் அவசரமின்றி அமர்ந்திருந்தார். என் பணிக்காலத்தின் எத்தனையோ மதிய வேளைகள் அந்த ஒரு காட்சியில் நினைவுக்கு வந்தன.

யுங் இங்கே 1900 டிசம்பரில் வந்தார். இயக்குநர் ஓய்கன் ப்ளாய்லர் மருத்துவமனைக்குள்ளேயே குடியிருந்தார். உதவி மருத்துவர்களும் அவ்வாறே இருந்தனர். மது அறவே கூடாது. காலை முதல் இரவு வரை நோயாளிகளுடன்தான் வாழ்க்கை. மனச்சிதைவு நோய்க்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-இல் தந்தவர் ப்ளாய்லரே. நோயாளிகள் பேசும் மொழியில் பேசி, அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் குறித்துக்கொள்ளும் வழக்கம் அவரிடமிருந்துதான் மற்றவர்களுக்கு வந்தது. யுங்கின் புகழ் பேசும்போது ப்ளாய்லரை மறந்துவிடுவது பெரும் அநீதி.

யுங்கை உலகம் அறிந்துகொண்டது முதலில் ஓர் ஆய்வுக்கூடச் சோதனையால்தான். உடன் பணியாற்றிய மருத்துவர் ஃப்ரான்ஸ் ரிக்லினுடன் சேர்ந்து அவர் நடத்திய சொல்தொடர்புச் சோதனையில், நூறு சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகப் படிப்பார்கள்: தலை, பச்சை, தண்ணீர், பாடுவது, சாவு. கேட்பவர் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லை உடனே சொல்ல வேண்டும். ஐந்தில் ஒரு நொடி வரை அளக்கும் நிறுத்துக்கடிகாரத்தால் மறுமொழிக்கான நேரத்தைக் குறிப்பார்கள். சில சொற்களில் மட்டும் மறுமொழி தாமதமாகும், அல்லது தடுமாறும், அல்லது சொல்லே வராது. தோலின் மின்தடையை அளக்கும் கருவியையும் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். இப்படித் தடுமாறிய சொற்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவற்றின் அடியில் உணர்ச்சி ஏறிய ஒரு நினைவுக்கொத்து இருப்பது தெரியவரும். இன்று எல்லோரும் வீட்டுப் பேச்சில் பயன்படுத்தும் காம்ப்ளெக்ஸ் என்ற சொல் உளவியலில் நிலைபெற்றது இந்த வேலையால்தான். ஒருமுறை, இயல்பான நடுவயது மனிதர் ஒருவர் கத்தி, ஈட்டி, அடிப்பது, கூர்மை, பாட்டில் ஆகிய சொற்களில் மட்டும் தயங்கினார். உங்களுக்கு இவ்வளவு துன்பமான அனுபவம் நேர்ந்திருப்பது எனக்குத் தெரியாது என்றார் யுங். குடிபோதையில் நடந்த ஒரு கத்திச் சண்டையில், அயல்நாட்டில் சிறை சென்ற செய்தியை அந்த மனிதர் யாரிடமும் சொன்னதில்லை.

பெண்கள் பிரிவில் பல பத்தாண்டுகளாகப் படுக்கையிலேயே கிடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். பேச்சு இல்லை. கைகள் மட்டும் ஓயாமல் ஒரே விதமாக அசைந்துகொண்டிருக்கும். மருத்துவ மாணவர்களுக்கு அவர் முற்றிய நோய்க்கு ஓர் எடுத்துக்காட்டு, அவ்வளவுதான். பழைய செவிலியர் ஒருவர், அவர் முன்பெல்லாம் செருப்புத் தைப்பார் என்று முந்தைய பணியாளர்கள் சொல்லக் கேட்டதாக யுங்கிடம் சொன்னார். மூதாட்டி இறந்து அடக்கத்துக்கு அண்ணன் வந்தபோது, உங்கள் தங்கைக்கு எதனால் இப்படி ஆனது என்று யுங் கேட்டார். ஒரு செருப்புத் தொழிலாளியை அவள் விரும்பினாள், அவன் கைவிட்டுவிட்டான் என்றார் அவர். வாரை இழுத்துத் தைக்கும் அந்தக் கையசைவில் ஐம்பது ஆண்டுகளாக அந்த மனிதன் அவருடன் இருந்திருக்கிறான். மனநலப் பிரிவில் வேலைக்குச் சேரும் இளையோர் அனைவருக்கும் நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

பாபெட் என்ற பெண்மணியோ ஓயாமல் பேசுபவர். சூரிச் பழைய நகரின் ஏழ்மையில் பிறந்து, தையல் வேலை செய்து, இருபது ஆண்டுகளாக இங்கே இருந்தவர். "நான் லோரலை" என்பார். "நான் சாக்ரடீஸின் பதிலாள்" என்பார். நேப்பிள்ஸ் நகரமும் தானும்தான் உலகத்துக்கு நூடுல்ஸ் வழங்க வேண்டும் என்பார். ரைன் ஆற்றுப் பாறையில் பாடும் கற்பனை மங்கை லோரலை பற்றிய ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் புகழ்பெற்ற கவிதை, இதன் பொருள் என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்று தொடங்குகிறது. அவர் பேச்சைக் கேட்ட மருத்துவர்கள் அதே சொற்களைத்தான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாக்ரடீஸ் போல் நானும் அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்டவள் என்பதே மற்றதன் பொருள். உலகத்துக்கே உணவளிக்கும் பெருமை, வாழ்நாள் முழுதும் சிறுமைப்பட்ட ஒரு பெண் தனக்குத்தானே அளித்துக்கொண்ட ஈடு. பைத்தியத்தின் பேச்சுக்குள் ஒரு வாழ்க்கை வரலாறும் நம்பிக்கைகளும் ஆசைகளும் இருக்கின்றன, புரியாதது நம் குறை என்று 1907-இல் வெளிவந்த தன் நூலில் யுங் காட்டியபோது, அதற்கு அடிப்படையாக இருந்தவர்களில் பாபெட் முதன்மையானவர். உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்ட் 1908-இல் சூரிச் வந்தபோது யுங் அவரைப் பாபெட்டிடம் அழைத்துச் சென்றார். இப்பெண் சொன்னவற்றில் நீங்கள் கண்டறிந்தது சுவையானதுதான், ஆனால் இத்தனை அழகற்ற ஒருவருடன் மணிக்கணக்காக எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று ஃப்ராய்ட் கேட்டாராம். அப்படி ஒரு எண்ணமே தனக்குத் தோன்றியதில்லை என்கிறார் யுங். அவ்வளவு அருமையானவற்றைச் சொன்ன அந்த முதியவர் அவருக்கு இனியவராகவே இருந்தார். யுங்கின் வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

இதே கட்டடத்துக்குள் 1904 ஆகஸ்டில் கொண்டுவரப்பட்ட சபீனா ஷ்பீல்ரைனைப் பற்றியும் இங்கேயே எழுத வேண்டும். அவர் யுங்கின் சிகிச்சையில் தேறினார். சொல்தொடர்பு ஆய்வில் உதவினார். சூரிச்சிலேயே மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான எல்லையை யுங் மீறினார். செய்தி வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் தாய்க்கும் ஃப்ராய்டுக்கும் அவர் எழுதிய கடிதங்கள் படிக்கவே கூசுபவை. ஷ்பீல்ரைன் தன் ஆற்றலால் உளப்பகுப்பாய்வாளராக உயர்ந்து, 1923-இல் ரஷ்யா திரும்பி, 1942-இல் ரொஸ்தோவில் தன் இரு மகள்களுடன் நாஜிகளால் கொல்லப்பட்டார். அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் 1977-இல் ஜெனீவாவில் கிடைக்கும் வரை உலகம் அவரை ஏறக்குறைய மறந்தே இருந்தது.

சனி, கூஸ்னாக்ட்

எம்மா ரௌஷன்பாக்கை 1903-இல் மணந்த யுங், அவருடைய குடும்பச் செல்வத்தின் துணையால் சூரிச் ஏரிக்கரையில் இந்த வீட்டைக் கட்டி 1909-இல் குடியேறினார். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் கடவுள் இருப்பார் என்ற பொருள்படும் லத்தீன் வாசகம் வாயில்மேல் செதுக்கப்பட்டிருக்கிறது. இப்போது அருங்காட்சியகமாகத் திறந்திருக்கும் இவ்வீட்டின் நூலகமும், பக்கத்தில் நிறக்கண்ணாடிச் சன்னல்கள் கொண்ட சிறு அறையும் நீண்ட நேரம் என்னை நிறுத்திவைத்தன. இங்கே அவர் நோயாளிகளைப் படுக்கவைக்கவில்லை. எதிரெதிரே நாற்காலியில் அமர்ந்து பேசினார். அமெரிக்கத் தொழிலதிபர் ரோலண்ட் ஹஸார்ட் குடியிலிருந்து மீள இயலாமல் இவரிடம் வந்தபோது, மருத்துவத்தால் இனி உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை, ஆன்மிக அனுபவம் ஒன்றே வழி என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சொல் கைமாறிக் கைமாறி குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் விதைகளில் ஒன்றானது. நம் ஊர்களில் மாலை வேளைகளில் அந்தக் கூட்டங்களுக்கு வந்து திருந்தியவர்களை நான் அறிவேன். இந்த அறையிலிருந்து அவர்கள் வரை நீளும் ஒரு தொடர்பு இருக்கிறது.

1907 மார்ச் 3 அன்று வியன்னாவில் ஃப்ராய்டுடன் பதின்மூன்று மணி நேரம் இடைவிடாமல் பேசியதில் தொடங்கிய நட்பு 1913-இல் முறிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஷாஃப்ஹௌசனுக்கு ரயிலில் செல்லும்போது, வடகடல் முதல் ஆல்ப்ஸ் வரை வெள்ளம் எழுந்து இரத்தமாக மாறுவதை அவர் விழித்த நிலையிலேயே கண்டார். தனக்கே பித்துப் பிடிக்கிறதோ என்று அஞ்சினார். அடுத்த ஆண்டு உலகப்போர் வெடித்தது. மேலெழுந்த உருவங்களைத் தடுக்காமல் அவற்றோடு உரையாடி, அந்த உரையாடல்களைப் பின்னர் சிவப்புத் தோல் அட்டையிட்ட பெரிய ஏட்டில் ஓவியங்களோடு எழுதினார். அது 2009-இல்தான் அச்சுக்கு வந்தது. அகமுகி, புறமுகி என்று மனிதரை நாம் இன்று எளிதாக வகைப்படுத்துவது 1921-இல் வந்த அவருடைய உளவகைகள் பற்றிய நூலின் வழியாகத்தான். ஆனால் எந்த மனிதரும் முழுக்க ஒன்றாக மட்டும் இருப்பதில்லை என்ற அவருடைய எச்சரிக்கை வழியிலேயே உதிர்ந்துபோயிற்று.

இந்த வீட்டில் இருந்துகொண்டே எழுதப்பட்ட வேறொன்றையும் மறைக்கக்கூடாது. 1933-இல் உளச்சிகிச்சைக்கான பொது மருத்துவக் கழகத்தின் தலைமையை ஏற்ற யுங், மறு ஆண்டு அதன் இதழில், ஆரிய நனவிலிக்கு யூத நனவிலியைவிட உயர்ந்த ஆற்றல் உண்டு என்று எழுதினார். கழகத்தைப் பன்னாட்டு அமைப்பாக மாற்றி, ஜெர்மனியில் ஒதுக்கப்பட்ட யூத மருத்துவர்கள் தனி உறுப்பினராகச் சேர வழிசெய்தார் என்பதும் உண்மையே. போருக்குப் பின் யூத மதகுரு லியோ பெக்கிடம் தான் சறுக்கிவிட்டதாக யுங் ஒப்புக்கொண்டதை யூத அறிஞர் கெர்ஷோம் ஷோலம் பதிவுசெய்திருக்கிறார். ஆனாலும் அந்த வரிகள் எந்த நேரத்தில், எந்த நாட்டில் அச்சாயின என்பதை நினைத்தால் சறுக்கல் என்ற சொல் போதாது. பாபெட்டின் ஒரு வாக்கியத்துக்காகப் பல மணி நேரம் காத்திருந்தவர், ஓர் இனம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் எடைபோட்டுவிட்டார். ஒருவர் எதிரே அமர்ந்தபோது அவர் காட்டிய பொறுமை, கூட்டங்களைப் பற்றிப் பேசியபோது அவரைக் கைவிட்டது. கூட்டு நனவிலி என்ற கருத்தை இன்று கையில் எடுப்பவர்கள் அனைவரும் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

ஞாயிறு, பொல்லிங்கன்

ராப்பர்ஸ்வில்லிலிருந்து சூரிச் ஏரியின் மேற்பகுதியில் செல்லும் படகில் அமர்ந்தபடி, மரங்களுக்கிடையே யுங்கின் இரண்டாவது வீடான கோபுரத்தைப் பார்த்தேன். இன்றும் குடும்பத்தின் உடைமை என்பதால் உள்ளே செல்ல இயலாது. 1923-இல் ஒரு வட்டக் கோபுரமாகத் தொடங்கி, 1955 நவம்பரில் எம்மா இறந்தபின் நடுப்பகுதியை உயர்த்தியது வரை, யுங் இதைக் கட்டிக்கொண்டே இருந்தார். மின்சாரம் வைக்கவில்லை. தானே விறகு பிளந்து, நீர் இறைத்து, சமைத்து, எண்ணெய் விளக்கில் படித்தார். 1950-இல் மதிலுக்காக வரவழைத்த கற்களில் ஒன்று அளவு தவறிக் கனசதுரமாக வந்திறங்கியபோது கொத்தனார் கோபத்துடன் திருப்பி அனுப்பச் சொன்னார். அதுதான் என் கல் என்று யுங் அதை வைத்துக்கொண்டு, தன் எழுபத்தைந்தாம் ஆண்டில் அதன் முகங்களில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் தானே எழுத்துகளைச் செதுக்கினார். 1961 ஜூன் 6 அன்று கூஸ்னாக்ட் வீட்டில் உயிர் பிரியும் வரை, அவர் மனம் நாடிய இடம் இதுவே.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் யுங்கின் இந்தியப் பயணத்தைப் பற்றி நீண்டகாலமாக எனக்கு ஒரு குறை இருந்தது. 1937-இன் இறுதியில், இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக யுங் இந்தியா வந்தார். அலகாபாத், காசி, கல்கத்தா பல்கலைக்கழகங்கள் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் மருத்துவமனையிலும் கிடந்தார். யுங்கின் நண்பரான இந்தியவியலாளர் ஹைன்ரிஹ் ஸிம்மர், ரமண மகரிஷியைப் பெரிதும் போற்றியவர். ஆயினும் தெற்கே திருவனந்தபுரம் வரை வந்த யுங் அருணாசலத்துக்கு வரவில்லை. ரமணரைப் பற்றிய ஸிம்மரின் நூல் 1944-இல் யுங்கின் முன்னுரையோடு வெளிவந்தபோது, அதில் இதற்கான விளக்கத்தை அவரே எழுதினார். ரமணர் எத்தனை ஒப்பற்றவரானாலும், இந்தியாவெங்கும் காணும் ஒரு வடிவத்தின் மிகத் தூய வெளிப்பாடு என்பதால் அவரைத் தேடிச் செல்லத் தோன்றவில்லை என்று அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கும் அவர் ஒரு மனிதரைக் காணாமல் ஒரு வகையைத்தான் கண்டார்.

ஆனால் அதே முன்னுரையில், திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைச் சந்தித்ததையும் எழுதுகிறார். எளிய மனிதர், தொடக்கப்பள்ளி ஆசிரியர் போன்ற நிலையில் உள்ளவர், பெரிய குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பைத் தன் தோளில் சுமந்துகொண்டே ஞானத்தைத் தேடியவர். அவருடன் அமர்ந்து பேசிய யுங், உலகத்தைத் துறந்த ஞானியைவிட, உலகத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்ட இந்த மனிதரிடம் தான் அதிகம் கற்றதாக நன்றியுடன் பதிவுசெய்திருக்கிறார்.